நாற்பத்தேழுல நிக்குதுங்க

அந்தப் பெட்டியக் கீழ வெச்சுடாதீங்க தம்பி. இந்த பஸ்ஸு ஆண்டகளூர் கேட்டுக்கிட்ட ஒரு தூக்கு தூக்கும். மடியிலயே இருக்கட்டும். நான் பாருங்க, கோழித் தடுப்பூசி மருந்து வாங்கறதுக்குக் கொண்டு போற காலி ஐஸ் பெட்டி, அதயே மடியில வெச்சிருக்கறேன்.

மேல போட்டிருக்கற படத்தப் பாத்துட்டுத்தான் பேச்சுக் குடுத்தேனுங்க. பிராசஸர் மேல உக்கார வெக்கற ஃபேன்தானே அது? அவ்வளவு பெருசு வாங்கியிருக்கறீங்கன்னா சும்மா கணக்கெழுதற கம்ப்யூட்டருக்கு இருக்காது. ஓவர்கிளாக் பண்ணப் போறீங்க. சரிதானுங்களா? எனக்கெப்படித் தெரியும்னு பாக்கறீங்க. வேட்டி கட்டிக்கிட்டு, சட்டையில கோழித் தீவன வாசம் அடிக்குது, இவனுக்கு என்ன தெரியும்னு நினைக்கறீங்க. பரவால்லைங்க. சேலம் போக இன்னும் முக்கா மணி நேரம் இருக்குது. சொல்றேன், உங்களுக்கும் உதவும்.

எம்பேரு நாச்சிமுத்து. புதுச்சத்திரத்துக்கிட்ட கோழிப்பண்ணை. முட்டைக் கோழிங்க, எட்டாயிரம். பண்ணைக்கு நூறடி தள்ளி வீடு. வீட்ல சுகந்தி, என் சம்சாரம், சிவில் இன்ஜினியரிங் படிச்சவ. கல்யாணத்தப்பவே சொல்லிட்டா, நான் வேலைக்குப் போவேன்னு. நான் ஒரு வார்த்தை மறுத்ததில்லீங்க. நம்மளுது அந்த மாதிரிக் குடும்பம் இல்ல. வீட்ல இருந்தே செய்யின்னு மட்டும் சொன்னேன். அவ என்ன செய்வான்னா, இன்னும் கட்டாத வீட்டைக் கட்டினாப்பல காட்டுவா. பில்டருங்க வரைபடம் அனுப்புவாங்க. இவ கம்ப்யூட்டர்ல சுவரு, சன்னல், மாடிப்படி எல்லாம் எழுப்பி, நாம உள்ள நடந்து போறாப்பல ஒரு படம் பண்ணிக் குடுப்பா. வெயில் சன்னல் வழியா தரையில விழறது கூடத் தெரியும்.

போன புரட்டாசியில சேலத்துல இருந்து குணசீலன்னு ஒரு பில்டர் கூப்பிட்டாருங்க. கல்யாண மண்டபம். ஏழு பேரு சேந்து கட்டறது. அந்த ஏழு பேரும் ஒரு நாள் உக்காந்து படத்தைப் பாத்து சரின்னு சொன்னாத்தான் வேலை ஆரம்பிக்கும். அவ இதுக்கு முன்னால செஞ்சதெல்லாம் மூணு பெட்ரூம் வீடுங்க. மண்டபம் இதுதான் மொதல்ல. இது சரியா வந்துட்டா அவரோட பெரிய வேலையெல்லாம் இனி சுகந்திகிட்டத்தான்னு சொல்லிட்டாரு. அன்னைக்கு அவ ரசத்துக்கு ரெண்டு தடவ உப்புப் போட்டா. நான் அதை அப்படியே குடிச்சேன்.

சிக்கல் என்னன்னா, படத்தை வரைஞ்சு முடிச்சாலும் கம்ப்யூட்டர் அதை ஒவ்வொரு காட்சியா வெளிச்சம் நிழல் கணக்குப் போட்டு உருவாக்கணும். அதுக்கு அவ கம்ப்யூட்டருக்கு இருபத்தெட்டு நாளாகுமாம். வரைஞ்சு முடிக்கற நாள்ல இருந்து அவங்க கூட்டத்துக்கு இருக்கறது இருபத்தஞ்சு நாள்.

அப்பத்தான் இந்த ஓவர்கிளாக்கைப் படிச்சுட்டு வந்தா. எனக்கு ஒடனே புரிஞ்சுதுங்க. கோழிக்குச் சாயந்திரம் லைட்டுப் போட்டுப் பகலை நீட்டறோம், முட்டை கூட வருது. அதே பிராசஸரு, கொஞ்சம் வெரட்டினா வேகமா ஓடும். சாதாரணமா அது ஒரு நொடிக்கு நானூறு கோடி தடவை துடிக்குது. பயாஸ்னு ஒரு பக்கம் இருக்குது, உங்களுக்குத் தெரியும், அதுல நாப்பதுன்னு ஒரு எண் இருக்கும். அதை நாப்பத்திரண்டுன்னு மாத்தினா நானூத்தி இருபது கோடி. அவ்வளவுதான்.

படம் வரையற வேலைக்கு நடுவுலயே சுகந்தி ரெண்டு ரெண்டாத்தான் ஏத்தினா. ஏத்தறது, சோதனை ஓட்டறது, சூடு எவ்வளவுன்னு பாத்து நோட்டுல எழுதறது. நாப்பத்திரண்டு அசையாம நின்னுது. நாப்பத்திநாலு நின்னுது. நாப்பத்தாறும் நின்னுது. எனக்குப் பொறுமை உண்டுங்க, இல்லைன்னு இல்ல, ஆனா அது ரொம்ப மெதுவாத் தெரிஞ்சுது. இன்டர்நெட்ல இதே பிராசஸர ஐம்பதுல ஓட்டறாங்கன்னு அவளே சொன்னா. அப்புறம் எதுக்கு ரெண்டு ரெண்டா?

நான் அவ வேலையில தலையிட்டதே கெடையாது. அதை மனசுல வெச்சுக்கங்க. அன்னைக்கு அவ குளிக்கப் போயிருந்தா, பயாஸ் பக்கம் தொறந்து கெடந்துது. ஐம்பதுன்னு போட்டேன். திரை கறுப்பாப் போச்சு. அப்புறம் ஒண்ணுமே வரல. ஃபேன் மட்டும் சுத்துது. நான் சத்தமில்லாம பண்ணைக்குப் போயி முட்டை அட்டை அடுக்க ஆரம்பிச்சுட்டேன். திரும்பி வந்து பாத்தா அவ பெட்டியைத் தொறந்து, உள்ள இருந்து வாட்ச்சுப் பேட்டரி மாதிரி ஒண்ணை எடுத்து மேசை மேல வெச்சுட்டு உக்காந்திருக்கறா. கொஞ்ச நேரம் கழிச்சுத் திருப்பிப் போட்டா. பழையபடி நாப்பதுல உசுரு வந்துது. யாரு செஞ்சதுன்னு அவ கேக்கல. நானும் சொல்லல. இன்னைக்கு வரைக்கும் அவளுக்குத் தெரியாதுங்க. ஆனா மறுநாள்ல இருந்து குளிக்கப் போறப்ப அந்த ரூமைப் பூட்டிட்டுப் போவா. தூசி போகுமாம்.

நாப்பத்தெட்டுல தகராறு ஆரம்பிச்சுது. பத்து நிமிஷத்துல கம்ப்யூட்டர் தடுமாறி நீலத் திரையைக் காட்டிடுச்சு. அவ பிராசஸருக்குப் போற வோல்டேஜை ஒரு துளி ஏத்தினா. நீலத் திரை போச்சு, சூடு தொண்ணூத்தேழுக்குப் போச்சு. அவ்வளவு சூடானா பிராசஸர் தானாவே வேகத்தைக் கொறைச்சுக்குமாம், அப்ப ஏத்தியும் பிரயோசனம் இல்ல. சேலம் வந்து உங்களுது மாதிரியே பெரிய ஃபேன் வாங்கிப் போட்டோம். பிராசஸருக்கும் ஃபேனுக்கும் நடுவுல சூட்டைக் கடத்தற பேஸ்ட்டை வழிச்செடுத்துட்டுப் புதுசாத் தடவினா. சூடு எறங்குச்சு. ஆனா நாப்பது நிமிஷத்துல மறுபடி நீலத் திரை. இன்னொரு துளி வோல்டேஜ், மறுபடி சூடு. மூணு நாள் இப்படியே. கடைசியில நாப்பத்தேழுன்னு வெச்சா. ஒரு பகல் ஒரு ராத்திரி முழுக்கச் சோதனை ஓட்டினா, அசையல.

"இதோட எல்லை இதுதானுங்க" அப்படின்னா.

எனக்கு மனசே ஆறல. மத்தவங்களுக்கு ஐம்பது, நமக்கு மட்டும் நாப்பத்தேழா? கடைக்காரன் மட்டமான சரக்கைத் தலையில கட்டிட்டான்னு சொன்னேன். ஒவ்வொரு பிராசஸரும் ஒவ்வொரு மாதிரி, ஒரே அச்சுல வந்தாலும் ஒண்ணு தாங்கறதை இன்னொண்ணு தாங்காதுன்னு சொன்னா. அதுவும் சரிதான்னு வெச்சுக்கங்க. நாப்பத்தேழுக்குக் கணக்குப் போட்டா இருபத்தி நாலு நாள். ஒரு நாள் மிச்சம். ஓட விட்டா.

ரெண்டு நாள் அழகா ஓடுச்சுங்க. மூணாவது நாள் காலையில பட்டுன்னு நின்னுபோச்சு. நீலத் திரை இல்ல, எச்சரிக்கை இல்ல. சுவிட்ச்சை அணைச்சாப்பல. நடுவுல நின்னா அந்தத் துண்டை மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும், அது கிட்டத்தட்ட ஒரு நாள் வேலை. சுகந்தி நாப்பத்தாறுக்கு எறக்கினா. மறுநாளும் பட்டுன்னு நின்னுது. நாப்பத்தஞ்சுக்கு எறக்கினா. அதுக்கு மறுநாள் சாயந்திரம் நின்னுது.

அவ அப்ப ஒண்ணு சொன்னா, உங்களுக்கும் சொல்றேன். வேகம் தாங்கலைன்னா நீலத் திரை வரும், இல்லைன்னா கணக்குத் தப்பா வரும். பட்டுன்னு அணையுதுன்னா அது சூடா இருக்கணும், இல்லைன்னா கரண்டா இருக்கணும். சூடு எழுபத்தஞ்சைத் தாண்டலைன்னு நோட்டுல இருக்குது. அப்படீன்னு சொல்லிட்டு எம்மூஞ்சியவே பாத்தா. நின்ன நேரத்தையெல்லாம் வேற எழுதி வெச்சிருந்தா. பத்து நாப்பது. பதினொண்ணு அஞ்சு. நாலேகால்.

"ஏனுங்க, இன்னைக்கு மில்லு எத்தனை மணிக்குப் போட்டீங்க?" அப்படின்னு கேட்டா.

மில்லுன்னா தீவன மில்லு. மக்காச்சோளம் அரைச்சுக் கலக்கற மெஷினு, பண்ணையில இருக்குது. சோளம் வர்ற நேரத்தைப் பொறுத்து ஓட்டுவேன், நேரம் காலம் கெடையாது. இங்க இவ கம்ப்யூட்டர் கெட்டுக் கெடக்குது, கோழித் தீவனத்தைப் பத்திக் கேக்கறாளேன்னு எனக்குக் கோவம். உன் வேலையை நீ பாரு, என் வேலையை நான் பாக்கறேன்னுட்டேன். மறுநாளும் கேட்டா. அதே பதில்தான் சொன்னேன். பாவம், மனசு கொழம்பிப் போச்சுன்னு நினைச்சேன்.

அப்புறம் அவ நாப்பதுக்கே எறக்கி ரெண்டு நாள் ஓட்டிப் பாத்தா. நிக்கவே இல்ல. அந்த ரெண்டு நாளும் நான் மில்லு ஓட்டினேன், நல்லா ஞாபகம் இருக்குது. பாத்தியா, ஓவர்கிளாக்தான் காரணம், பேராசைப்பட்டேன்னு சொன்னேன். அதோட நின்னிருக்கலாம். கூட ஒண்ணு சொல்லிட்டேன். முடியலைன்னு குணசீலன்கிட்டச் சொல்லிடு, அதுல என்ன கௌரவக் குறைச்சல், மூணு பெட்ரூம் வீடே போதும் நமக்குன்னு.

நல்லதுக்குத்தானுங்க சொன்னேன். அவ குணசீலனுக்குப் போன் பண்ணி நாலு நாள் தள்ளி வெக்க முடியுமான்னு கேட்டா. நல்ல காலம், அந்த ஏழு பேர்ல ஒருத்தர் வீட்ல காதுகுத்தாம், அவங்களே தள்ளி வெக்கறதாத்தான் இருந்தாங்களாம். சரின்னுட்டாரு. இவ கம்ப்யூட்டரைக் கழட்டி, கார்ல பின்சீட்டுல வெச்சு, பெல்ட்டு போட்டு, அம்மா வீட்டுக்கு ராசிபுரம் போயிட்டா. கோவிச்சுக்கிட்டுப் போனாளான்னு கேக்காதீங்க. எனக்குச் சட்டினி அரைச்சு ஃபிரிட்ஜுல வெச்சுட்டுத்தான் போனா. கோவம்னா அரைப்பாளா?

ஆனா தம்பி, நான் என்னத்தைச் சொல்ல. ராசிபுரத்துல நாப்பத்தேழுல ஓடுச்சுங்க. அதே கம்ப்யூட்டர், கரண்டு போனாக் கைகுடுக்கற அதே யு.பி.எஸ்., அதே வயரு. மொதல் நாள் ஓடுச்சு, ரெண்டாம் நாள் ஓடுச்சு. மூணாம் நாள் என்னால தாங்க முடியல. பைக்கை எடுத்துக்கிட்டுப் போயிட்டேன். காலையில ஒம்பது மணிக்குப் போயி அது முன்னால சேரைப் போட்டு உக்காந்தேன். நிக்கட்டும், நான் இருக்கறப்ப நிக்கட்டும்னு பாத்துக்கிட்டே இருந்தேன். மாமியாரு காப்பி கொண்டாந்தாங்க. எங்கூட்டுக் கரண்டு பரவால்லீங்களா மாப்பிள்ளைன்னு கேட்டாங்க. சிரிச்சாங்களா இல்லையான்னு தெரியல, முந்தானையால வாயை மூடிக்கிட்டாங்க. சாயந்திரம் அஞ்சு மணி வரைக்கும் உக்காந்திருந்தேன். ஒரு தடவை கூட நிக்கல.

திரும்பி வர்ற வழியெல்லாம் ஒரே யோசனை. என் வீட்ல அப்படி என்ன கொறை? நான் பாத்துப் பாத்துக் கட்டின வீடு. வயரிங் முழுக்க நானே நின்னு இழுத்தது. எலக்ட்ரீசியன் ஏதேதோ சொன்னான், மில்லுக்குத் தனி லைன் வேணும், அது வேணும் இது வேணும்னு. அதெல்லாம் சும்மா வேலையை இழுக்கறதுக்குச் சொல்றதுன்னு ஒரே லைன்லயே போட்டுட்டேன். ஆறு வருஷமா ஓடுது. மில்லு போட்டா ட்யூப்லைட்டு ஒரு நொடி மங்கும், அவ்வளவுதான். எல்லா வீட்லயும் மங்கறதுதான்.

கடைசியில தூசின்னு முடிவு பண்ணினேன். கோழி றெக்கைத் தூசி. ஒரு நாள் முழுக்க அந்த ரூமைக் கழுவினேன். சன்னலுக்கு வலை அடிச்சேன். ஃபேன் றெக்கையைத் தொடைச்சேன். எங்கம்மா இருந்த காலத்துல கூட நான் ஒரு ரூமைக் கழுவினதில்லீங்க. சுகந்தி போயிப் பத்தாவது நாள், போன்ல சொன்னேன். எல்லாம் சுத்தம் பண்ணிட்டேன், வீட்டுக்கு வா, நீ இல்லாம ஒரே வெறிச்சுன்னு இருக்குது, மிச்சத்தை இங்க ஓட்டிக்கலாம்னு.

அதுக்கு அவ சொன்னா, "சரிங்க, வர்றேன். ஆனா நான் வந்ததும் ஒண்ணே ஒண்ணு செய்யணும். நான் சொல்ற எடத்துல உக்காரணும். நான் சொல்ற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது."

வந்தா. கம்ப்யூட்டரை மாட்டினா. ஒண்ணும் வேலை குடுக்கல, வெறும் சோதனையை மட்டும் நாப்பத்தேழுல ஓட விட்டா. என்னைச் சேர்ல உக்கார வெச்சா. என்ன நடக்குதோ பாத்துச் சொல்லுங்கன்னுட்டு வெளிய போயிட்டா. எங்க போறான்னு நான் கேக்கல. திரையையே பாத்துக்கிட்டிருந்தேன். சூடு எழுபத்திரண்டு. எல்லாம் பச்சையா இருக்குது.

பண்ணைப் பக்கம் மில்லு கெளம்பற சத்தம் கேட்டுதுங்க. ட்யூப்லைட்டு மங்குச்சு. காலுகிட்ட யு.பி.எஸ். டக்குன்னுச்சு, கீன்னு ஒரு கத்து கத்துச்சு. திரை கறுப்பாப் போச்சு.

அப்படியே உக்காந்திருந்தேன். மோட்டாரோட இருபது வருஷம் பழகினவன் நான். கெளம்பறப்ப மோட்டார் எவ்வளவு கரண்டை இழுக்கும்னு எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிஞ்சுக்கிட்டேதான் ரூமைக் கழுவிட்டிருந்திருக்கறேன். செத்த நேரம் எந்திரிக்கவே முடியல. அவ எந்திரிக்கக் கூடாதுன்னு சொன்னதும் ஒரு வகையில நல்லதாப் போச்சு.

அப்புறம் மூளை வேலை செய்ய ஆரம்பிச்சுது பாருங்க. ஒரே ஓட்டம், பண்ணைக்கு. மில்லு சுவிட்ச்சுல கையை வெச்சுக்கிட்டு சுகந்தி நின்னுட்டிருந்தா.

"கண்டுபிடிச்சுட்டேன்" அப்படின்னேன்.

"என்னங்க கண்டுபிடிச்சீங்க? சொல்லுங்க" அப்படின்னா.

எல்லாம் வெவரமாச் சொன்னேன். மில்லு கெளம்பறப்ப வோல்டேஜ் விழுகுது. கரண்டு போச்சுன்னு நினைச்சு யு.பி.எஸ். பேட்டரிக்கு மாறுது. அது சின்ன யு.பி.எஸ். நாப்பதுல ஓடறப்ப கம்ப்யூட்டரோட சுமையை அது தாங்கிக்கும். நாப்பத்தேழுல, அந்தக் கூடுதல் வோல்டேஜோட, தாங்காது, கையை விரிச்சுடும். நாப்பத்தஞ்சுலயே தாங்கல. நாப்பத்தேழுல சோதனை ஓட்டினப்பவும் மொதல் ரெண்டு நாளும் சோளம் வரல, மில்லுப் போடல, அதான் தப்பிச்சுது. ராசிபுரத்துல மில்லும் இல்ல, ஒண்ணும் இல்ல, அதான் ஓடுச்சு. பிராசஸர் மேல தப்பே கெடையாது. அது பாவம் நாப்பத்தேழுல கல்லு மாதிரி நிக்குது. நாமதான் அதைத் திட்டிக்கிட்டிருந்தோம்னு சொன்னேன்.

அவ முழுசும் கேட்டா. நோட்டைக் கூட எடுத்துக் காட்டல. கடைசியில, நல்லவேளை நீங்க இருந்தீங்கன்னு சொன்னா. அந்தப் பெரிய மனசு எத்தனை பேருக்கு வரும் சொல்லுங்க. வேற பொம்பளையா இருந்தா, எனக்கு அப்பவே தெரியும்னு சொல்லிக்கிட்டு வருவாங்க.

எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டேன். ஒரு வாரம் ஆகும்னுட்டான், அவன் அப்படித்தான். படம் முடிய இன்னும் பத்து நாள் வேணும். மண்டபக்காரங்க கூட்டத்துக்குப் பன்னெண்டு நாள் இருக்குது. மில்லை நிறுத்திட்டேனுங்க. பக்கத்துப் பண்ணைக்காரரு மில்லுல அரைச்சுக் கொண்டாந்தேன், தினம் ரெண்டு நடை. கலக்கறதுக்கு அங்க வழியில்ல. சிமென்ட்டுத் தரையில கொட்டி மம்பட்டியில நானே பெரட்டிப் பெரட்டிக் கலந்தேன். கையெல்லாம் கொப்புளம். ஒடம்புக்கு நல்லதுன்னு டாக்டரும் சொல்லிட்டேதான் இருந்தாரு. சுகந்தி சாயந்திரம் வந்து கையில தேங்காண்ணெய் தடவிவிடுவா. எதுக்குங்க இவ்வளவு கஷ்டம், பெரிய யு.பி.எஸ். ஒண்ணு வாங்கினாப் போதும்னா. அதையும் வாங்கினோம். ஆனா மில்லை நான் போடல. எனக்கு நம்பிக்கை இல்ல. யு.பி.எஸ். மேல இல்ல, என் மேல.

கூட்டத்துக்கு ரெண்டு நாள் முன்னால முடிஞ்சுதுங்க. நின்னுட்டே பாத்தேன். வாசல்ல நுழையறோம். ரெண்டு பக்கமும் தூணு. உள்ள போனா மேடை, மேல உசரத்துல சன்னலுங்க, அதுல இருந்து காலை வெயில் நாற்காலிங்க மேல சாஞ்சு விழுகுது. இன்னும் அங்க ஒரு செங்கல் இல்ல. எனக்கு உள்ள போயி ஒரு பந்தியில உக்காந்துட்டு வரலாம்போல இருந்துச்சு. இதைப் போயி வேண்டாம்னு சொல்லச் சொன்னனேன்னு நினைச்சேன். அவகிட்டச் சொல்லல. அதையெல்லாம் சொல்லிக்கிட்டிருக்க முடியுமா?

கூட்டத்துக்கு என்னையும் கூட்டிட்டுப் போனா. குணசீலன் ஆபீஸ்ல பெரிய திரை. ஏழு பேரும் வந்திருந்தாங்க. மூணு நிமிஷப் படம். முடிஞ்சதும் ஒரு பெரியவரு, கை கழுவற எடத்தை இன்னொரு தடவை காட்டு கண்ணுன்னாரு. காட்டினா. தண்ணி வாட்டம் சரியா இருக்குதுன்னாரு. அவ்வளவுதான், ஏழு பேரும் சரின்னுட்டாங்க. அடுத்தது ஒரு ஆஸ்பத்திரி, நீதாம்மா செய்யணும்னு குணசீலன் அங்கயே சொல்லிட்டாரு. சுகந்தி மொகத்தைப் பாக்கணுமே அப்ப.

அப்புறம் அவரு எம்பக்கம் திரும்பி, சாரு யாருன்னு கேட்டாருங்க. எனக்கும் பெருமையாத்தானே இருக்கும். நிமிந்து உக்காந்து, "வீட்டுக்காரருங்க. இந்த வேலைக்கு வேண்டிய கரண்டெல்லாம் நான்தான் பாத்துக்கறேன்" அப்படின்னேன்.

சுகந்தி சிரிச்சா பாருங்க. மேசையைப் புடிச்சுக்கிட்டுச் சிரிக்கறா. கண்ணுல தண்ணி வந்துருச்சு. அந்தப் பெரியவரு பயந்துபோயித் தண்ணி பாட்டிலை எடுத்து நீட்டறாரு. வாங்கிக் குடிச்சுட்டு எம்மூஞ்சியப் பாத்தா, மறுபடியும் சிரிப்பு. பஸ் ஏறி உக்காந்ததுக்கு அப்புறமும் எந்தோள்ல சாஞ்சுக்கிட்டுக் குலுங்கிக்கிட்டே வந்தா. மல்லூரு தாண்டற வரைக்கும் நிக்கல. வேலை கெடைச்ச சந்தோசம்னு நினைக்கறேன்.

நான் சொன்னதுல சிரிக்கறதுக்கு என்னங்க இருக்குது? உள்ளதைத்தானே சொன்னேன்.

ஏன் தம்பி, நீங்களும் சிரிக்கறீங்க?